கட்டியும் கத்தியும்

நன்செய் நிலத்தில் கோரை களைந்து பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மண்ணுக்கு மேலே நிற்கும் தாளைப் பற்றி இழுத்தால் அது எளிதில் கையோடு வந்துவிடும். வயலும் துப்புரவாய்த் தோன்றும். ஆனால் மண்ணுக்குள்ளே கிழங்கு கிடக்கிறது. அதிலிருந்து நூல்போல் ஓடிய வேரின் நுனியில் மற்றொரு கிழங்கு கிடக்கிறது. சில நாட்கள் சென்று பார்த்தால், பிடுங்கிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகக் கோரை தலை நீட்டும். ஆகவே அனுபவம் மிக்க உழவர் கோரையை வெறுங்கையால் பிடுங்குவதில்லை. சுற்றிலுமுள்ள மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுக்கிறார். எவ்வளவு மண்ணைத் தோண்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. குறைத்துத் தோண்டினால் கிழங்கு தங்கிவிடும். மிகுத்துத் தோண்டினால் பயிர் பாழாகும்.

உடலில் தோன்றும் ஒருவகைக் கட்டியை அகற்ற முற்படும் அறுவை மருத்துவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது. கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல சதையைச் சேர்த்து எடுப்பது? அவ்வாறு சேர்த்தெடுக்கும் நல்ல சதையின் ஓரத்தை ‘விளிம்பு’ என்று வழங்குவோம். இந்த விளிம்பைப் பற்றிய எண்ணம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதே நாம் இங்கே சொல்லப் புகும் வரலாறு. இது மருத்துவர்கள் மட்டும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வரலாறு அன்று. நோயாளி தம் காலோடு வீடு திரும்புவாரா, அகற்றிய கட்டி மறுபடி தோன்றுமா என்ற இரண்டும் இந்த விளிம்பில் அடங்கிக் கிடக்கின்றன.

முதலில் எந்தக் கட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய், இவற்றை இணைக்கும் நார் ஆகியவற்றை மென்திசுக்கள் என்று மருத்துவ நூலார் கூறுவர். இவற்றில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. தோலுக்கடியில் உருண்டு நழுவும் கொழுப்புக் கட்டியை நாம் எல்லோரும் யாரேனும் ஒருவரிடம் கண்டிருப்போம். அத்தகைய நூறு கட்டிகளுக்கு ஒன்று என்ற அளவில்கூடக் கொடிய கட்டி காண்பதரிது. அந்தக் கொடிய வகைக்குச் சார்க்கோமா என்று பெயர். சதை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வயது வந்தோரைத் தாக்கும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. தொடையிலே தோன்றுவது மிகுதி. பெரும்பாலும் வலி இராது. வலி இல்லாமையே இந்நோயின் பெரிய வஞ்சகம் எனலாம்.

இக்கேள்வியின் தொன்மையான விடை நம் நாட்டு நூல் ஒன்றிலேயே காணப்படுகிறது. காசியில் திவோதாசரிடம் மருத்துவம் பயின்றவர் என்று மரபு கூறும் சுசுருதரின் சம்ஹிதையில், ‘அர்புதம்’ என்ற பெயரால் சதையில் திரண்டு வளரும் கட்டிகள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கத்தியாலும் காரத்தாலும் நெருப்பாலும் அகற்றும் முறைகளைக் கூறிய பின்னர், நூலாசிரியர் ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார். நோயின் மிச்சத்தை உள்ளே விட்டுவிட்டால் கட்டி விரைவில் மீண்டும் வளரும். அணைக்காது விட்ட நெருப்பைப்போல் ஆளையே அழித்துவிடும். ஆதலால் மிச்சமின்றி எடுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பகையின் மிச்சத்துக்குத் தீயின் மிச்சத்தை உவமை கூறும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. நுண்ணோக்கியின் துணை சிறிதும் இல்லாத காலத்தில், மிச்சமே பகை என்று கண்டறிந்த அந்த நுண்ணறிவை எண்ணி நாம் வியக்கலாம்.

மேற்கே இதற்கு மாறான எண்ணம் வேரூன்றியது. வெளியே தெரியாது உள்ளே மறைந்து கிடக்கும் புற்றைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த காலன், உடலில் கரும்பித்தம் மிகுவதால் புற்று உண்டாகிறது என்று விளக்கினார். அவருடைய கொள்கை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவத்தை ஆண்டது. இக்கொள்கையின் விளைவை நாம் கருதிப் பார்க்க வேண்டும். கட்டி உடல் முழுவதும் பரவிய ஒரு கேட்டின் வெளிப்பாடே எனின், அதை வெட்டியெடுத்துப் பயன் என்ன? வெட்டிய இடத்தில் மீண்டும் முளைத்தால், அது பித்தத்தின் குற்றமேயன்றிக் கத்தி பிடித்தவரின் குற்றமாகாது. விளிம்பைப் பற்றிக் கேட்கவே இடமில்லாமற் போயிற்று.

கேட்டிருந்தாலும் செய்வதற்கு வழியில்லை. மயக்க மருந்து இல்லாத காலத்தில் நோயாளியை நால்வர் பிடித்துக்கொள்ள, ஒருவர் அறுப்பார். அறுவை மருத்துவரின் திறமை வேகத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. நரம்பு இது, நாளம் இது என்று பிரித்தறிந்து, நல்ல சதையின் வழியே நிதானமாய்ச் சுற்றி வருவதற்கு நேரம் ஏது?

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இந்நிலை மாறியது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைத் தந்து நோயாளியை மயங்கச் செய்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற முதிய அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த இரத்தக் குழாய்க் கட்டியை அறுவை செய்தார். உலகறிய நடந்த அந்த முதல் ஈதர் அறுவை ஒரு மென்திசுக் கட்டியின் மீதே நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1867-இல் கிளாஸ்கோவில் பணிபுரிந்த ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைச் சீழ் பிடியாமல் காக்கும் முறையை வெளியிட்டார். ஒன்று அறுவையாளருக்கு நேரத்தைத் தந்தது. மற்றொன்று பெரிய புண்ணும் ஆறும் என்ற துணிவைத் தந்தது.

கருவி கிடைத்தது, கருத்தும் மாற வேண்டுமன்றோ? 1858-இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ, உயிரணு ஒவ்வொன்றும் மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என்ற கொள்கையை நிலைநாட்டினார். கட்டியென்பது பித்தத்தின் உறைவன்று, பெருகிய உயிரணுக்களின் திரள் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயினும் பழைய எண்ணம் உடனே அகலவில்லை. இலண்டனில் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஜெட் 1853-இல் வெளியிட்ட விரிவுரைகளில், பார்வைக்குத் தீங்கற்ற நார்க் கட்டிபோல் தோன்றி, எடுக்க எடுக்க அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளரும் கட்டிகளை விவரித்திருந்தார். அவற்றுட் பலவற்றை இன்று நாம் சார்க்கோமா என்போம். ஏன் அவை மீண்டும் வளர்கின்றன என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

அவ்விடையைத் துணிந்து கூறியவர் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் சார்லஸ் மூர். லிஸ்டரின் கட்டுரை வெளிவந்த அதே 1867-இல் அவர் தம் ஆய்வுரையை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது மார்பகப் புற்றை. எனினும் அவர் கண்ட உண்மை எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தியது. அறுவைக்குப் பின் நோய் எங்கே திரும்பத் தோன்றுகிறது என்று அவர் கவனித்தார். உடலின் எங்கோ ஒரு மூலையிலன்று. வெட்டிய தழும்பின் அருகிலேயே அது தோன்றியது. அப்படியானால் அது புதிதாய்ப் பிறந்த நோய் அன்று. விட்டுவந்த துண்டின் வளர்ச்சியே. ஆகவே கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தலாகாது. அறுக்கும்போது கட்டி கத்தியில் படவும் கூடாது, கண்ணில் படவும் கூடாது. சுற்றியுள்ள நல்ல சதை மூடியிருக்க முழுமையாய் வெளிவர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நோய் மீள்வது விதியின் குற்றமன்று, கையின் குற்றம் என்று ஒரு மருத்துவர் தம் தொழிலாளரை நோக்கியே கூறுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

ஆனால் ஓர் உண்மையைக் கண்டவர்கள் அதன் எல்லையைக் கடந்து செல்வதும் உலக இயல்பு. அமெரிக்காவின் பால்ட்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணக்கட்டிகளையும் ஒரே திரளாக அகற்றினார். 1894-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி 50 பேரில் மூவருக்கே அறுத்த இடத்தில் நோய் திரும்பியது. அந்நாளில் இது வியப்பூட்டும் எண். இதற்குப் பின் வேரோடு களைதல் என்பதே புற்று அறுவையின் மந்திரமாயிற்று. குறைந்த விளிம்பு பாவம், அகன்ற விளிம்பு புண்ணியம் என்ற நிலை வந்தது.

மென்திசுச் சார்க்கோமாவில் இம்மந்திரம் எவ்வளவு கொடிய விலை கேட்டது என்பதை அறிய, அக்கட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். சார்க்கோமா வளரும்போது சுற்றியுள்ள சதையை நாற்புறமும் நெருக்குகிறது. நெருங்கிய சதை மெல்லிய தோல்போல் அதன்மேல் படிந்து நிற்கும். திறந்து பார்க்கும் மருத்துவருக்குக் கட்டி ஓர் உறைக்குள் அழகாய் அடங்கியிருப்பதுபோல் தோன்றும். விரலை விட்டு நெம்பினால் பலாச்சுளைபோல் கழன்று வந்துவிடும். கையில் முழுக் கட்டி, புண்ணில் ஒன்றுமில்லை, மருத்துவருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த உறை மெய்யுறை அன்று, பொய்யுறை. அதற்குள்ளும் அதற்கு அப்பாலும் கட்டியின் நுண்ணிய விரல்கள் ஊடுருவியிருக்கும். கோரையின் தாள் வந்துவிட்டது. கிழங்கு உள்ளே இருக்கிறது. இவ்வாறு நெம்பி எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அதே இடத்தில் நோய் திரும்பியதை மருத்துவர்கள் கண்டனர்.

இதற்கு மாற்று என்ன? தொடையில் கட்டியென்றால் இடுப்பருகே காலை அகற்றுவது. முழங்கையில் என்றால் தோளருகே கையை அகற்றுவது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதுவே பாதுகாப்பான வழியாகக் கருதப்பட்டது. ஏரோட்டியும் சுமைதூக்கியும் தறியில் அமர்ந்தும் பிழைப்பவருக்குக் கால் இழப்பதென்றால், உயிர் மீந்தும் வாழ்வு இழப்பதே. எனவே இடைவழி ஒன்றைத் தேடினர். நியூயார்க்கில் பௌடன், பூஹர் என்ற இருவர் 1958-இல் ஒரு முறையை விளக்கி எழுதினர். கட்டியிருக்கும் தசையை அது எலும்பில் தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை முழுவதுமாக எடுத்துவிட்டு, காலைக் காப்பாற்றுவது அம்முறை. தசைகள் கூட்டங் கூட்டமாய் உறுதியான உறைகளால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டி அவ்வுறையை எளிதில் தாண்டுவதில்லை என்ற உடற்கூற்று உண்மையே இதன் அடிப்படை.

இவ்வாறு பலரும் பலவிதமாகக் கூறிவந்ததை ஒழுங்குபடுத்தி, அனைவர்க்கும் பொதுவான மொழியை அமைத்துத் தந்தவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்து வில்லியம் என்னகிங். 1980-இல் அவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட முறையில் விளிம்பு நான்கு வகைப்படும். நாம் தொடங்கிய வயலுக்கே திரும்பினால் இந்நான்கும் எளிதில் விளங்கும். கோரையின் தாளையே அறுத்து மிச்சத்தை விட்டுவருவது முதல் வகை. கத்தி கட்டிக்குள்ளேயே புகுந்துவிட்டது. கோரையை அதன் தூரோடு ஒட்டிப் பிடுங்குவது இரண்டாம் வகை. கத்தி பொய்யுறையின் வழியே சென்றது. சுற்றிலும் நல்ல மண் ஒட்டியிருக்கத் தோண்டி எடுப்பது மூன்றாம் வகை. இதனை அகன்ற விளிம்பு என்பர். நான்கு வரப்புக்கு உட்பட்ட வயலின் மண் முழுவதையும் அகற்றுவது நான்காம் வகை. இதுவே வேரோடு களைதல். இங்கே வரப்பு என்பது தசைக் கூட்டத்தை மூடிய உறை.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். காலை எடுத்தால் பாதுகாப்பு, காத்தால் ஆபத்து என்ற பழைய கணக்கை அது உடைத்தது. கட்டியின் குறுக்கே அறுத்துக் காலை எடுத்தால் அது முதல் வகையே. கால் போயும் கட்டி போகவில்லை. காலைக் காத்துக்கொண்டே மூன்றாம் வகை விளிம்பைப் பெறவும் கூடும். எவ்வளவு உடம்பை இழந்தோம் என்பதன்று கேள்வி. கத்தி எதன் வழியே சென்றது என்பதே கேள்வி.

இதற்கிடையே கத்திக்குத் துணையாக மற்றொரு கருவி வந்து சேர்ந்தது. இலண்டனில் ஸ்டான்ஃபோர்ட் கேட், அறுவையோடு கதிர் சிகிச்சையையும் சேர்த்துத் தரலாம் என்று 1951-இல் எழுதினார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹெர்மன் சூட் முதலியோர் 1970-களில் அளவான அறுவையோடு கதிர் சிகிச்சையையும் தந்து நற்பயன் கண்டனர். கண்ணுக்குத் தெரியாது மண்ணில் தங்கிய நுண்கிழங்கைக் கதிர் பொசுக்குமானால், மண்ணை அவ்வளவு தோண்ட வேண்டியதில்லையன்றோ? எனினும், காலை எடுப்பதற்கு இது ஈடாகுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அவ்வையத்தை நீக்கியது வாஷிங்டனை அடுத்த பெத்தெஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆய்வு. ஸ்டீவன் ரோசன்பெர்க் முதலியோர் 1975 முதல் நடத்திய அந்த ஆய்வின் முடிவு 1982-இல் வெளிவந்தது. கை கால்களில் கொடிய சார்க்கோமா கண்ட 43 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பிரிவாக்கினர். 16 பேருக்கு உறுப்பு அகற்றப்பட்டது. 27 பேருக்கு உறுப்பைக் காத்து அறுவையும் கதிர் சிகிச்சையும் தரப்பட்டன. இரு பிரிவினர்க்கும் மருந்தும் ஒன்றே. அறுத்த இடத்தில் நோய் திரும்பியவர்கள், உறுப்பு காத்தவரில் 4 பேர். உறுப்பு இழந்தவரில் ஒருவருமில்லை. ஆனால் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் முன்னவரில் நூற்றுக்கு 83, பின்னவரில் 88. இவ்வேறுபாடு கணிதமுறையில் பொருட்படுத்தத்தக்கதன்று. நாற்பத்து மூவர் என்பது சிறிய எண்தான். ஆயினும் அதன்பின் உலகெங்கும் எண்ணற்ற கால்கள் காக்கப்பட்டன. இன்று சிறப்பு மருத்துவமனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு உறுப்பு காக்கப்படுகிறது.

உறுப்பை முழுதும் இழந்தவரும் அதிக காலம் வாழாதது ஏன்? சார்க்கோமாவால் உயிர் போவது பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவுவதால். இரத்தத்தின் வழியே முன்னரே புறப்பட்டுப் போன உயிரணுவைக் காலை வெட்டித் தடுக்க முடியாது. இங்கே வரலாறு ஒரு வட்டத்தை முடிப்பதைக் காண்கிறோம். நோய் உடல் முழுவதற்கும் உரியது என்றனர் பழையோர். ஓரிடத்துக்கு உரியது என்றார் மூர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பரவிய பகுதியைக் கத்தி தொடாது. பரவாத பகுதியைக் கத்தியே தொட வேண்டும். இதை உணர்ந்த பிறகே, விளிம்பை மேன்மேலும் அகலமாக்கும் வெறி தணிந்தது.

அகலத்தைக் குறைத்தால் துல்லியத்தைக் கூட்ட வேண்டும். 1970-களில் வந்த சி.டி. படமும் 1980-களில் பரவிய எம்.ஆர்.ஐ. படமும், கட்டி எந்தத் தசையில், எந்த நரம்பருகே நிற்கிறது என்பதைக் கத்தி எடுக்கும் முன்பே காட்டின. அறுவைக்குப் பின்னோ, வேலை திசு ஆய்வு நிபுணரின் அறைக்குப் போகிறது. மேற்புறம் எது, உட்புறம் எது என்று காட்ட அறுவை மருத்துவர் நூலிழைகளைக் கட்டி அனுப்புவார். நிபுணர் அத்திரளின் வெளிப்புறம் முழுவதும் மை பூசுவார். பின்னர் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் காண்பார். கட்டியின் உயிரணு மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பு கெட்டது. நடுவே நல்ல திசு இருந்தால் விளிம்பு தூயது. கண்ணுக்குத் தெரியும் மிச்சம் இருப்பதை ஆர்-2 என்றும், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் மிச்சத்தை ஆர்-1 என்றும், மிச்சமற்ற நிலையை ஆர்-0 என்றும் அறிக்கைகளில் குறிப்பர். மை தொடாதிருந்தாலே போதும் என்பார் சிலர். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்பார் வேறு சிலர். ஒரு முழம் என்று தொடங்கிய வழக்கு ஒரு மில்லிமீட்டரில் வந்து நிற்கிறது.

அளவு மட்டுமா? தரமும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் கொழுப்பைக் கட்டி எளிதில் ஊடுருவும்; தாள்போல் மெல்லிய உறுதியான உறையை எளிதில் ஊடுருவாது. ஆதலால் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு கணக்கு வகுத்தனர். 2004-இல் கவாகுச்சி முதலியோர் அதனை விளக்கி வெளியிட்டனர். மெல்லிய உறையை 2 சென்டிமீட்டர் சதைக்கும், தடித்த உறையை 3 சென்டிமீட்டருக்கும், மூட்டின் குருத்தெலும்பை 5 சென்டிமீட்டருக்கும் சமமாக வைத்து எண்ணுவது அக்கணக்கு. வரப்பின் வலிமையை உழவர் அறிந்திருப்பதுபோல், உடலின் வரப்புகளை மருத்துவர் அறிந்து பயன்படுத்துகிறார்.

இனி, இந்த வரலாற்றின் மிக முக்கியமான படிப்பினைக்கு வருகிறோம். கனடாவின் டொரொன்டோ நகர மருத்துவர்கள் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விளிம்பு கெட்ட 87 பேரை அவர்கள் தனித்தனி வகையாக்கிப் பார்த்தனர். முக்கியமான நரம்பையோ நாளத்தையோ காப்பதற்காக, அந்த ஓரிடத்தில் மட்டும் விளிம்பு குறையும் என்று முன்னரே தெரிந்து, திட்டமிட்டுச் செய்தவர்கள் ஒரு வகை. அவர்களில் நோய் மீண்டது நூற்றுக்கு 3.6 பேருக்கு. திட்டமின்றி முன்பு வேறோரிடத்தில் எடுக்கப்பட்டு, மறு அறுவையிலும் விளிம்பு கெட்டவர்கள் மற்றொரு வகை. அவர்களில் நோய் மீண்டது நூற்றுக்கு 31.6 பேருக்கு. இரு வகையிலும் நுண்ணோக்கியில் கண்டது ஒன்றே: மையைத் தொடும் உயிரணு. ஆனால் விளைவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. காரணம் என்ன? முதல் வகையில் முதல் கத்தியே அறிந்து வைத்த கத்தி. இரண்டாம் வகையில் முதல் கத்தி அறியாமல் வைத்த கத்தி. அது கட்டியின் உயிரணுக்களைப் புண் முழுவதும் தூவிவிட்டது. கிழங்கை அறியாமல் ஏரோட்டியவர், அதை வயலெங்கும் பரப்பிவிடுவதை ஒக்கும் இது.

சோதனைக்கு ஒரு துளி சதை எடுப்பதுகூட இவ்விதிக்கு விலக்கன்று. ஊசி சென்ற வழியையும் பின்னர்க் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். எனவே அறுவை செய்யப்போகும் மருத்துவரின் கருத்தறிந்தே அது குத்தப்பட வேண்டும். காலில் கீறினால் நெடுக்கே கீற வேண்டும், குறுக்கே கீறலாகாது. ஈதர் முதலில் மணத்த அதே பாஸ்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி மேன்கின், தோழர்களுடன் 1982-இல் எலும்பு, மென்திசுக் கட்டி நோயாளிகள் 329 பேரின் வரலாற்றை ஆராய்ந்தார். சோதனைச் சதை எடுத்ததில் நேர்ந்த பிழையால் தேவையற்று உறுப்பிழந்தவர்கள் நூற்றுக்கு 4.5 பேர். 1996-இல் 597 பேரை வைத்து மீண்டும் ஆராய்ந்தபோது அது நூற்றுக்கு 3 ஆகக் குறைந்திருந்தது, மறைந்துவிடவில்லை. கட்டிகளுக்கென்றே அமைந்த சிறப்பு மையத்தில் அல்லாமல் வெளியே சோதனை செய்த இடங்களில் இப்பிழைகள் பன்மடங்கு மிகுதி.

நேயர்களே, தாராவியிலோ கரோல் பாகிலோ ஜாம்ஷெட்பூரிலோ வாழும் நம்மவர்க்கு இதில் தனிக் கருத்து உண்டு. பிறமொழி நாட்டில் பிழைப்புக்கு வந்தவர், தொடையில் ஒரு கட்டி கண்டால் இரண்டிலொன்று செய்கிறார். வலியில்லையே, ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடுகிறார். அல்லது தெருமுனையில் உள்ளவரிடம் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றுகூடக் கேட்பதில்லை. கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருந்தாலும், நாளுக்கு நாள் வளர்ந்தாலும், தோலுக்கடியில் நழுவாமல் தசைக்குள் ஆழப் பதிந்திருந்தாலும், முன்பு எடுத்த இடத்தில் மீண்டும் தோன்றினாலும், கத்திக்கு முன் படம் வேண்டும். படத்துக்குப் பின் முறையான திசுச் சோதனை வேண்டும். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால், அறிக்கையையும் திசுத் துண்டுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு திட்டமின்றி எடுக்கப்பட்டவர்களை மறு அறுவை செய்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மிச்சம் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை, தாமதிக்கவும் வேண்டியதில்லை.

இதற்கென்று கடல் கடந்து செல்ல வேண்டிய நிலையும் நமக்கில்லை. மும்பையில் 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. கல்கத்தாவில் 1950-இல் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் நிலையமும் தோன்றின. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரின் முயற்சிக்கு வித்தாக அமைந்தது. இன்று பெருநகரங்கள் பலவற்றிலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன.

எச்சம் விடாதே என்றார் சுசுருதர். எச்சம் விடுவது நம் கையே என்றார் மூர். எச்சம் விடாமலிருக்க ஆளையே வெட்ட வேண்டியதில்லை என்று காட்டினர் பின்வந்தோர். இவ்வளவையும் கற்றுக்கொள்ள மனித குலம் கொடுத்த விலை எண்ணற்ற கால்களும் கைகளும் உயிர்களும். அந்த விலை கொடுத்து வாங்கிய அறிவு, முதல் கத்தி விழுந்த பின் நினைவுக்கு வருமாயின் பயன் பாதியாகிவிடுகிறது. நல்ல உழவர் மண்வெட்டியை ஓங்குவதற்கு முன் வயலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கிறார். நமக்கும் நம்மைச் சேர்ந்தவர்க்கும் அத்தகைய ஒரு நடை கிடைக்குமாறு பார்த்துக்கொள்வோமாக.